கூத்துக் களத்துக்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர்.: 45,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

செய்யாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றை ஒட்டிய ஓர் ஊரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்துமாக நாட்கள் நகரும். கடைசியில் ஒரு காலைப்பொழுதில், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம் நடந்து விழா நிறைவை எட்டும். சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டியவர்கள் இன்று இல்லை. வேடம் கட்டியவர்களுள்ளும் பலர் மறைந்துவிட்டார்கள். இருப்பவர்களையாவது முறையாகப் படம்பிடித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் சில ஆண்டுகளாகவே மனத்தில் உண்டு.

இதுவரை கைப்பேசியில் எடுத்துவந்தேன். இரவுப் படங்களில் முகம் துலங்கினால் கைகள் கரைந்துபோகின்றன. கைகள் தெரிந்தால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் இருக்கிறது. சேமித்து வைத்திருப்பது 45,000 ரூபாய். கடையில் கேட்டபோது, கேனான் 1500டி பாடியுடன் (லென்ஸ் நீங்கலான காமிரா) 18-55, 55-250 மி.மீ. என்ற இரு ஜூம் லென்ஸ்களையும் சேர்த்துத் தருவதாகவும், இந்த விலைக்கு இதைவிட மேலாக எதுவும் கிடைக்காது என்றும் கூறினார்கள். வாங்கிவிடலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழங்கண்ணாடி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தயவுசெய்து பொறுங்கள். அந்த இரட்டை லென்ஸ் தொகுப்பு வெயிலில் சுற்றுலா செல்பவருக்குப் பொருந்தக்கூடியது. நள்ளிரவில் ஆடும் மனிதரை எடுக்கப் போகும் உங்களுக்கு, இரண்டு லென்ஸ்கள் இருந்தும் ஒன்றும் இல்லாத நிலைதான் ஏற்படும்.

காரணத்தை விளக்குகிறேன். 18-55 லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது). 55-250 லென்ஸும் நீட்டிய நிலையில் அதே எஃப் 5.6தான். எஃப் 1.8 அபெர்ச்சர் உள்ள சாதாரண 50 மி.மீ. லென்ஸோ இவற்றைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது, தொகுப்பு லென்ஸில் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவை 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/60 நொடிதான் கிடைக்கிறது என்றால், அதே களத்தில் அதே விளக்கின்கீழ் இந்தச் சிறு லென்ஸில் ஐ.எஸ்.ஓ.வை 1600க்குக் குறைத்துக்கொண்டும் 1/150 நொடிக்கு எடுக்கலாம். மணலும் குறையும், கையும் கரையாது. எந்தப் பாடியை மாற்றினாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு இந்தப் பணத்துக்குள் கிடைக்காது.

‘ஐ.எஸ்.’ என்று லென்ஸில் எழுதியிருப்பதைக் காட்டி, அதனால் இருட்டிலும் எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கக்கூடும். அது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். துச்சாதனன் வேடக்காரரின் சுழற்சியை அதனால் நிறுத்த முடியாது.

முடிவு சொல்வதற்குமுன் மூன்று விவரங்கள் தேவை. நீங்கள் அமரும் இடத்துக்கும் ஆடுபவருக்கும் இடையே எத்தனை அடி? களத்தில் என்ன விளக்குகள்? படங்களை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், அச்சிடவா, திரையில் பார்க்கவா? அடுத்த முறை கூத்துக்குப் போகும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நெய்தல்வெளி எழுதியது:

பழங்கண்ணாடி ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆயினும் டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா என்பதையே ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் அல்லவா? கேனான், நிக்கான் இரு நிறுவனங்களும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. டி.எஸ்.எல்.ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடியில் படம் எப்படி வரும் என்பதை வ்யூஃபைண்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதன்முறையாக எடுப்பவருக்கு அது பெரிய துணை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஆசிரியர் புதிய பாடிக்கு மாறும்போது இன்று வாங்கும் லென்ஸ்கள் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் கேட்கிறேன்.

ஒளியளவன் எழுதியது:

சகோதரி நெய்தல்வெளியின் கேள்வி நியாயமானது. பையில் ஒன்றரை லட்சம் இருந்தால் நானும் மிரர்லெஸ்ஸையே சொல்லுவேன். நாற்பத்தைந்தாயிரத்துக்கு நிலைமை வேறு. பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால்தான், ஒரு காலத்தில் நம் கைக்கு எட்டாத நடுத்தர டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் இன்று பழைய சந்தையில் எட்டும் விலைக்கு வருகின்றன. லென்ஸ் வீணாகும் என்ற அச்சமும் கேனானைப் பொறுத்தவரை வேண்டியதில்லை. 1987இல் தொடங்கிய இ.எஃப். வரிசை லென்ஸ்கள், அந்நிறுவனத்தின் அடாப்டர் வழியாக இன்றைய மிரர்லெஸ் பாடிகளிலும் ஆட்டோஃபோகஸுடன் முழுமையாக இயங்குகின்றன.

இருட்டில் படம் எடுப்பவர்கள் பாடியில் பார்க்க வேண்டியது மெகாபிக்ஸலை அன்று. எந்த அளவு மங்கலான ஒளிவரை அதன் ஃபோகஸ் அமைப்பு கண் திறந்திருக்கும் என்பதைத்தான். நிறுவனமே தரும் விவரப் பட்டியலில் அது ‘இ.வி.’ என்ற அலகில் இருக்கும். எண் குறையக் குறைய நல்லது. 1500டியில் அது 0, 750டியில் -0.5, 80டியில் நடுப்புள்ளிக்கு -3. ஓர் இ.வி. குறைந்தால் பாதி ஒளி என்று பொருள். ஆகவே 1500டி தடுமாறத் தொடங்கும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே 80டியின் நடுப்புள்ளி குறியைப் பிடித்துவிடும். 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அவற்றுள் நடுவில் உள்ள ஒன்றுதான் நெடுக்கு, குறுக்கு இரண்டையும் உணரும் குறுக்குப் புள்ளி. 750டியில் பத்தொன்பதும், 80டியில் நாற்பத்தைந்தும் அப்படிப்பட்டவை.

இன்னொரு செய்தி, எல்.இ.டி. விளக்கு பற்றியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி., குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/250, 1/500 என்று ஷட்டரை விரைவாக்கினால், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சிலவற்றில் குறுக்கே பட்டை விழுந்தும் வரும். 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒளிர்வின் முழுச் சுற்று கிடைத்துவிடுவதால் அந்தத் தொல்லை நீங்கும். இதற்காகவே 2014இல் 7டி மார்க் 2இல் கேனான் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணம்வரை காத்திருந்து ஷட்டரை விடும் அந்த வசதி 750டியிலும் 80டியிலும் உண்டு. கூத்துக் களத்தில் இது ஆடம்பரம் இல்லை.

கொங்குத்தறி எழுதியது:

நிக்கான் பயன்படுத்துபவன் என்ற முறையில் சில எச்சரிக்கைகள் மட்டும். நிக்கானில் டி7200 கிடைத்தால் நல்ல பாடி. அதுவும் -3 இ.வி. வரை ஃபோகஸ் பிடிக்கும். டி3500, டி5600 போன்ற சிறிய பாடிகளில் உள்மோட்டார் கிடையாது. பழைய ‘ஏ.எஃப்.-டி’ 50 மி.மீ. லென்ஸ் விலை குறைவாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, அது இந்தப் பாடிகளில் ஆட்டோஃபோகஸ் ஆகாமல் திண்டாடியவர்களை அறிவேன். இவற்றுக்கு ‘ஏ.எஃப்.-எஸ்’ 35 மி.மீ. எஃப் 1.8 பொருந்தும். நேர் எதிரான சிக்கலும் உண்டு: புதிய ‘ஏ.எஃப்.-பி’ வகை லென்ஸ்கள் டி7000, டி5100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகமாட்டா. எந்த நிறுவனமானாலும் பாடியையும் லென்ஸையும் ஒன்றாகப் பூட்டி, இருட்டு மூலை ஒன்றில் ஃபோகஸ் செய்து பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

செய்யாற்றுக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. சென்ற சனிக்கிழமை இரவு பக்கத்து ஊரில் கர்ண மோட்சக் கூத்து. பழங்கண்ணாடி ஐயா கேட்ட விவரங்களை அங்கே குறித்துவந்தேன்.

நான் வழக்கமாக அமர்வது பாய் விரித்துப் பார்ப்பவர்களின் முதல் வரிசை ஓரம். அங்கிருந்து களத்தின் நடுவுக்கு என் நடையில் ஏழு தப்படி. வீட்டுக்கு வந்து நாடாவால் அளந்தபோது ஏறத்தாழ ஐந்து மீட்டர் வந்தது. வேடம் முன்னேறி ஆடும்போது மூன்று மீட்டருக்குள் வந்துவிடுகிறது; பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சு ஏழு மீட்டரில் இருக்கும். விளக்கு என்று பார்த்தால், இரு பக்கமும் கழியில் கட்டிய எல்.இ.டி. விளக்குகள் நான்கு, பின்புறம் குழல்விளக்கு இரண்டு. படங்களை அச்சிட்டுக் கலைஞர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் என் முதல் விருப்பம். பிளாஷ் பயன்படுத்த எனக்கு மனமில்லை. அரிதாரத்துக்கும் கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகளுக்கும் அது பொருந்தாது என்பதோடு, கண்ணை விழித்து அடவு பிடிப்பவரின் முகத்தில் பளிச்சென்று அடிப்பது மரியாதையும் ஆகாது.

பழங்கண்ணாடி எழுதியது:

நாடாவை எடுத்து அளந்தீர்கள் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. இனிக் கணக்கு எளிது.

கேனானின் இந்த வகைப் பாடிகளில் படத்தைப் பதியும் சென்சாரின் நீளம் ஏறத்தாழ 22.3 மி.மீ. அந்த எண்ணை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால், படத்தின் நீளவாட்டில் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது தெரிந்துவிடும். ஐந்து மீட்டரில் 50 மி.மீ. லென்ஸுக்கு 2.23 மீட்டர் வருகிறது. காமிராவை நெடுக்காகப் பிடித்தால், கிரீடத்தின் உச்சி முதல் கால் சலங்கைவரை கிரீடமும் புஜக்கட்டையும் பூண்ட ஒரு கட்டை வேடம் முழுதாக அடங்கி, மேலும் கீழும் சற்றே இடமும் இருக்கும். 85 மி.மீ. லென்ஸில் அதே தூரத்தில் 1.31 மீட்டர், இடுப்புக்கு மேலே மட்டும். 35 மி.மீ.யில் 3.19 மீட்டர், இருவர் எதிரெதிர் நின்று தர்க்கம் செய்யும் காட்சிக்கு அதுவே சரி. மூன்று மீட்டர் தூரத்துக்கு நெருங்கி வரும்போது 50 மி.மீ.யில் 1.34 மீட்டர், முகமும் புஜக்கட்டையும் மார்பும் நிறைந்து நிற்கும்.

ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் உங்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8. கேனானில் 2015இல் வந்த எஸ்.டி.எம். வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய வகையின் மவுன்ட் (பாடியில் பூட்டும் வளையம்) பிளாஸ்டிக், இதற்கு உலோகம். ஃபோகஸ் ஓசையும் மிகக் குறைவு. எடை 160 கிராம்தான்.

நெய்தல்வெளி எழுதியது:

கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. கடற்கரை ஊரில் தேவாலயத் திருவிழாக்களையும் நாடகங்களையும் நான் எடுப்பது 17-50 மி.மீ. எஃப் 2.8 ஜூம் ஒன்றில். டாம்ரான், சிக்மா இரண்டும் இதைச் செய்திருக்கின்றன. பழையது ஓரளவு மலிவாகவே கிடைக்கிறது. ஆடுபவர் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில், ஒரே நீளத்தில் நிற்கும் லென்ஸ் கையைக் கட்டிப்போடாதா?

ஒளியளவன் எழுதியது:

எஃப் 2.8 ஜூம் நல்ல லென்ஸ்தான். தொகுப்பு லென்ஸைப்போல் நான்கு மடங்கு ஒளி தரும். ஆனால் எஃப் 1.8 அதைப்போல் இரண்டரை மடங்கு. 1/100 நொடிக்கு மேல் விரைவாகப் போக விளக்கும் இடம் கொடுக்காத களத்தில், அந்த இரண்டரை மடங்கு முழுவதும் ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்கப் பயன்படும், ஐ.எஸ்.ஓ. 4000 இருந்த இடத்தில் 1600. அச்சிடுவதற்கு அந்த வேறுபாடு கண்ணில் படும். தேவாலயத்தின் ஒளி நிலையானது, அங்கே சகோதரியின் தேர்வே சரி. கூத்தில் நான் ஒற்றை லென்ஸின் பக்கமே நிற்பேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு இன்னும் ஒன்று: கிரீடத்திலும் மார்புப் பதக்கத்திலும் உள்ள கண்ணாடிகள் விளக்கை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் காமிராவின் ஒளிமானி ஏமாறி, முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் நாமே பொருத்தும் ‘எம்’ (M) நிலையில் வைத்து, அபெர்ச்சரையும் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் தொடக்கத்தில் முகத்துக்கு ஏற்றபடி பொருத்திவிட்டு, பிறகு விளக்கு மாறினாலன்றித் தொடாதீர்கள். கோப்பு ‘ரா’ வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்) இருக்கட்டும். சிவப்பு, பச்சை அரிதாரங்களின் நிறம் கலப்பு விளக்கில் எப்படியும் திரிந்துதான் வரும். அதைப் பின்னர் திருத்துவதற்கு ரா கோப்பில்தான் போதிய இடம் உண்டு.

கொங்குத்தறி எழுதியது:

பழைய பாடி வாங்கப் போகிறீர்கள் என்று தெரிவதால், நான் பட்ட துயரத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கடையில் ‘புத்தம் புதியது’ என்று முத்திரை பிரிக்காத பெட்டியில் ஒரு பாடியை வாங்கினேன். எட்டு மாதத்தில் ஷட்டர் சிக்கிக்கொண்டு சர்வீஸுக்குக் கொண்டுபோனபோதுதான், அது வேறு நாட்டுக்கென அனுப்பப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட சரக்கு என்பதும், உத்தரவாத அட்டை இந்தியாவில் செல்லாது என்பதும் தெரிந்தன. கடைக்காரர் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. அன்றிலிருந்து பில், பாடியின் அடியில் உள்ள வரிசை எண், உத்தரவாத அட்டை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

பழைய பொருளில் பார்க்க வேண்டியவை: லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல் நூல் ஓடியிருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார்த் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலை ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை நிக்கானில் படக்கோப்பிலிருந்தே அறியலாம்; கேனானில் பெரும்பாலும் காமிராவைக் கணினியுடன் இணைத்து அதற்குரிய மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். கல்யாணம் எடுத்தவரின் காமிராவைவிட, வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவரின் காமிராவைத் தேடுங்கள். அலமாரியில் இருந்தது என்றால் மட்டும் பூஞ்சைக்காக இரண்டு முறை பாருங்கள்.

நெய்தல்வெளி எழுதியது:

பூஞ்சை பற்றிக் கடற்கரைக்காரி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மானி போதும். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் படியும். தோல் பைக்குள் பூட்டி வைப்பதுதான் லென்ஸுக்கு நாம் செய்யும் பெருந்தீங்கு.

செய்யாற்றுக்கரை எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். 80டி ஒன்றைத் தேடி இரண்டு முறை சென்னை சென்றுவந்தேன். நல்ல நிலையில் இருந்தவை என் தொகைக்குள் லென்ஸுக்கு இடம் விடவில்லை. இறுதியில் வேலூரில் ஒரு குடும்பத்தாரிடமிருந்து, 18-55 எஸ்.டி.எம். லென்ஸுடன் 750டி ஒன்றை 25,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஷட்டர் பதினோராயிரம் முறைதான் இயங்கியிருந்தது. 50 மி.மீ. லென்ஸைப் புதிதாக, பில்லுடன் வாங்கினேன். இந்த பாடியின் பேட்டரி ஏறத்தாழ 440 படங்களுக்குத்தான் என்று அறிந்ததால், விடிய விடிய எடுப்பதற்காக இன்னொரு பேட்டரியும், 64 ஜி.பி. கார்டும், நெய்தல்வெளி அவர்கள் சொன்ன டப்பாவும் வாங்கியபின் கையில் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது.

சென்ற வாரம் பதினெட்டாம் போர்க் கூத்து. எஃப் 2, 1/100, ஐ.எஸ்.ஓ. 2000 என்று பொருத்திவிட்டு இரவு முழுவதும் அவற்றை மாற்றவில்லை. முதல் ஒரு மணி நேரம் பெரிதும் தோல்விதான். சுழன்றாடும்போது எடுத்தவற்றுள் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகு பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று புரிந்தது. எந்தச் சுழற்சியும் தாளம் முடியும் இடத்தில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. மிருதங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் அழுத்தினால், 1/100 நொடியிலும் முகம் கல்லில் செதுக்கியதுபோல் வருகிறது. பாவாடையின் விளிம்பு மட்டும் சற்றே கரைந்திருக்கிறது, அதுவும் அழகாகவே இருக்கிறது. ஃபோகஸ், திரைக்குப் பின்னால் இருந்த இருட்டில் இரண்டு முறை தவறியது, களத்துக்குள் தவறவில்லை. விளக்குப் பட்டை எதிலும் விழவில்லை.

விடிந்தபின் படுகளத்துக்கு 18-55 லென்ஸை மாட்டினேன். புழுதி பறக்கும் இடத்தில் மாற்ற வேண்டாம் என்று கோயில் மண்டபத்துக்குள் போய் மாற்றிவந்தேன். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் முழுவதையும் சுற்றி நின்ற ஊரையும் ஒரே படத்தில் அடக்க அதன் 18 மி.மீ. நன்றாக உதவியது. வெயிலில் அந்த லென்ஸ்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த துரியோதனன் வேடக்காரரிடம் காமிராவின் திரையில் படத்தைக் காட்டினேன். அறுபது வயதைக் கடந்தவர். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். தன் தகப்பனார் இதே வேடம் கட்டிய காலத்தில் ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, இதை வீட்டில் மாட்டும் அளவுக்குப் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டார். 6000க்கு 4000 பிக்ஸல் இருப்பதால் 18க்கு 12 அங்குலத்துக்குத் தாராளமாகப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன். அரிதாரத்தின் சிவப்பு அச்சில் அடர்ந்துவிடாமல் வருவதற்கு எந்தத் தாள் ஏற்றது, பளபளப்பானதா, மங்கலானதா என்பதைப் பழங்கண்ணாடி ஐயா சொன்னால், திங்கட்கிழமையே செய்யாறு நகரில் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

பழங்கண்ணாடி எழுதியது:

மங்கலான தாள். கண்ணாடி போட்டு மாட்டினால் பளபளப்பின்மீது இன்னொரு பளபளப்பு சேர்ந்து, விளக்கு எதிரொளித்து முகம் மறையும். முதலில் 6க்கு 4 அளவில் ஒன்று போட்டுப் பகல் வெளிச்சத்தில் சிவப்பைப் பாருங்கள். அடர்ந்திருந்தால் கணினியில் சிவப்பின் செறிவைச் சற்றே இறக்கி இன்னொன்று போடச் சொல்லுங்கள். அது சரியாக வந்தபின் பெரியதைக் கொடுக்கலாம். படத்தின் பின்பக்கம் அவர் பெயரும், ஊரும், அன்றைய கூத்தின் பெயரும், தேதியும் பென்சிலால் எழுதிவிடுங்கள் ஐயா.